பூட்சு வீட்டுப் பேரன்

மூன்றாவது நாளும் குழியில் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாது என்பது வீரமலைக்கு முதல் நாளே தெரியும்.

ஓடைக்கரைப் புறம்போக்கில் கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டு, முழங்கால் ஆழத்துக்கு ஆறு குழி போட்டிருந்தார். மேலே நஸ்ருல்லா பாய், காதில் ஒரு மாட்டலும் கையில் நீளக் குச்சியின் முனையில் தட்டைக் கட்டியது போன்ற ஒரு கருவியுமாக வெயிலில் நடந்துகொண்டிருந்தார். மண்ணுக்குள் இரும்போ தகரமோ இருந்தால் அந்தக் கருவி கத்தும். கத்திய இடத்தில் வீரமலை தோண்ட வேண்டும். இதுவரை கத்தியதில் கிடைத்தவை சோடா மூடிகள், ஒரு ஏர்க் கொழுமுனை, அறுந்த மாட்டுச் சங்கிலி, கடைசியாக ஒரு சைக்கிள் மணியின் மேல்மூடி.

"அண்ணே, இந்த மணி எந்த ஏரோப்ளேன்லேந்து விழுந்துருக்கும்?" பாய் மூடியைக் கைலியில் துடைத்தபடி கேட்டார்.

"எதுத்தாப்ல வர்ற கொக்க வெலகச் சொல்லி வெள்ளக்காரன் அடிச்சிருப்பான் பாய்."

பாய் சிரித்தார். மூன்று நாள் வெயிலில் வறுபட்ட பிறகும் சிரிக்கிற மனுஷன். அதுதான் வீரமலைக்கு உள்ளே குத்தியது.

நஸ்ருல்லா திருச்சி பாலக்கரைக்காரர். ஷார்ஜா விமான நிலையத்தில் இருபத்தாறு வருஷம் விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து பெட்டி ஏற்றி இறக்கியவர். ஊர் திரும்பியபின் இடுப்பு ஓய்ந்தது, விமானக் கிறுக்கு மட்டும் ஓயவில்லை. உலக யுத்த காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு ஜனவரியில், திருச்சியிலிருந்து கிளம்பிய ஒரு போர் விமானம் கொள்ளிடத்துக்கு வடக்கே விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த இரண்டு வெள்ளைக்காரரும் செத்துப்போனார்கள். அதைப் பற்றிய விசாரணைக் காகிதங்களை இங்கிலாந்தில் யாரோ ஒரு புண்ணியவான் படம் பிடித்து இவருக்கு அனுப்பியிருந்தார். அதில் ஊர்ப் பெயர் இருந்தது: மண்ணச்சநல்லூர் பக்கத்து இடுமன்குறிச்சி. ஊரில் எந்த இடம் என்பது இல்லை. யாரோ ஒரு நிலச்சொந்தக்காரரின் நெற்களம் என்று மட்டும் இருந்தது.

பாய் ஊருக்குள் வந்து விசாரித்தபோது டீக்கடைக்காரர் சொன்னார். "வீரமலையக் கேளுங்க. இந்த ஊர் மண்ணு அந்தாளு மம்பட்டி படாத எடம் கெடையாது."

அப்படித்தான் வந்து மாட்டினார். வீரமலை அவரைக் கூட்டிப்போய் ஓடைக்கரையைக் காட்டினார். விமானம் விழுந்த இடம் அங்கிருந்து முக்கால் மைல் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"இடம் கெடச்சிட்டா ஒரு சின்னப் புஸ்தகம் போடணும்ணே," என்று முதல் நாளே பாய் சொல்லியிருந்தார். "அந்த எடத்துல ஒரு பலகை. செத்த ரெண்டு பேரோட பேரு, நடந்த கதை, ஒண்ணு விடாம. நல்லதும் போடணும், கெட்டதும் போடணும். அப்பதான் அது ஆராய்ச்சி."

கெட்டது என்ன என்று வீரமலைக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். வானத்திலிருந்து விழுந்து செத்துக் கிடந்த வெள்ளைக்காரனின் காலிலிருந்து, உடம்புச் சூடு ஆறும் முன்னே, பூட்ஸை உருவினான் ஒரு கூலிக்காரன். போலீஸ் வந்தது. பூட்ஸை அவன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு ஊர் வழியே நடத்திக்கொண்டு போனது. பதினோரு நாள் கழித்து நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான். அதற்குப் பிறகு சாகும்வரை வீட்டில்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவன் பேர் ஒண்டி. வீரமலையின் அப்பாவைப் பெற்ற தாத்தா.

அன்றிலிருந்து அந்த வீடு பூட்சு வீடு. எண்பது வருஷமாக அப்படித்தான். ரேஷன் கடையில், கல்யாணப் பந்தியில், வாக்காளர் சீட்டு கொடுக்க வந்தவர் கேட்டபோது கூட, "எந்த வீரமலை? பூட்சு வீரமலையா?" வீரமலையின் அப்பா இதைப் பற்றிப் பேசினால் ஒரே ஒரு வார்த்தைதான் பேசுவார்: "கை வெச்சிருக்கக் கூடாது." தாத்தா திருடினார் என்பதில் வீரமலைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. தப்பு தப்புதான். என்ன செய்வது.

ஆனால் வாயால் சொல்வது வேறு, அச்சில் வருவது வேறு. நாற்பத்து நாலு வயதில்தான் வீரமலை எழுத்துக் கற்றார். அப்போது அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலங்களில் அமலராணி டீச்சர் வந்து சாக்கு அடுக்கும் கொட்டகையில் வகுப்பு எடுத்தார். வீரமலை முதலில் கூட்டிப் படித்ததே சாக்கின் மேல் இருந்த மில் பேரைத்தான். அந்தச் சாக்கு ஒன்றைக் கிழித்து அவர் மனைவி இருளாயி வாசலில் மிதியடியாகப் போட்டாள். பத்து வருஷம் மிதித்தும், துவைத்தும், வெயிலில் காய்ந்தும், அந்தப் பேர் இன்னும் போகவில்லை. அச்சு என்றால் அப்படி. தாத்தா பேர் அதில் ஏறிவிட்டால் பிறகு யார் காலத்தில் இறங்கும்?

அதனால்தான் ஓடைக்கரை.

மூன்றாம் நாள் மத்தியானம், மில்லில் அவரோடு மூட்டை தூக்கிய மாதவன் மொபெட்டில் அந்த வழியாகப் போனான். வண்டியை நிறுத்தாமலே கத்தினான்.

"என்ன பூட்சு, பொதையலா?"

வீரமலை காது கேட்காதவர் மாதிரி மண்ணை அள்ளிப் போட்டார்.

"உங்களயா கூப்ட்டாரு?" என்றார் பாய்.

"அவன் எல்லாரையும் அப்படித்தான் கூப்புடுவான். வாய்க் கொழுப்பு."

பாய் மேலே கேட்கவில்லை. கருவியை மடக்கினார். "இதுக்கு மேல இங்க நோண்டிப் பிரயோஜனம் இல்லண்ணே. அந்தக் களத்துக்குச் சொந்தக்காரங்க ஸ்ரீரங்கத்துல இருந்தாங்களாம். அவங்க பேரன் இருக்காராம். சடகோபன்னு பேரு. நாளைக்குப் போவோம். நீங்களும் வாங்க, நெலம் பத்திப் பேச்சு வந்தா எனக்கு ஒரு எழவும் புரியாது."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார் வீரமலை. கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் பாயின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கொள்ளிடப் பாலம் தாண்டினார்கள். ஆற்றில் ஒரு ஓரமாகத் தண்ணீர் போனது. மற்றதெல்லாம் மணலும் நாணலும். உத்தர வீதியில் சடகோபனின் வீட்டு வாசலில் பாய் ஷூவைக் கழற்றினார். வீரமலை தன் ரப்பர் செருப்பைப் படிக்கட்டுக்கு வெளியிலேயே விட்டார்.

சடகோபன் பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் பளிச்சென்று திருமண். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கை இரண்டையும் விரித்தார்.

"வாங்கோ, வாங்கோ. உக்காருங்கோ. நீங்களும் உக்காருங்கோ ஐயா, ஏன் நிக்கறேள்?"

"இருக்கட்டும் சாமி," என்று வீரமலை கதவோரமாக நின்றுகொண்டார். கையில் பாயின் பை.

"எங்க தாத்தா பரமபதிக்கற வரைக்கும் இந்தக் கதையச் சொல்லிண்டே இருந்தார்," என்று ஆரம்பித்தார் சடகோபன். "தை மாசம். சம்பா அறுப்பு முடிஞ்சு, தூத்தின நெல்லெல்லாம் களத்துல குவியல் குவியலாக் கெடக்கு. அதுல பெருமாள் பங்குன்னு தனியா ஒரு குவியல். கோயில் மடப்பள்ளிக்கு, பெருமாள் தளிகைக்கு வரவேண்டிய நெல். சாணிப்பால் தெளிச்சுக் குறி போட்டு, காவலுக்கு ஆளும் போட்டிருக்கு. ஒருத்தர் கிட்டப் போகப்படாது. சரியா அந்தக் குவியல் மேலயே வந்து விழுந்தானாம் ஒருத்தன்! குதிச்சிருக்கான், பாராசூட் பாதிதான் விரிஞ்சுதாம். இன்னொருத்தன் ப்ளேனோட போய் அந்தாண்ட வயல்ல சொருகிண்டுட்டான்."

பாய் வேகவேகமாக எழுதினார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, நெல் தீட்டாயிடுத்து. வேற நெல் அனுப்பினார் தாத்தா. ஆனா தமாஷ் அது இல்லை. ஊரே ப்ளேன் எரியறதப் பாக்க ஓடறது. களத்துக் காவல்காரன், ஒண்டின்னு பேர், அவன் மட்டும் ஓடலை. என்ன பண்ணினான் தெரியுமோ? செத்தவன் கால்லேந்து பூட்ஸ உருவிண்டான்!" சடகோபன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அவனுக்கு அது எதுக்கு ஓய்? போட்டுண்டு நாத்து நடப் போவானோ?"

வீரமலை பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கெட்டவர் இல்லை அந்த மனுஷன். வந்தவரை உட்காரச் சொன்னவர். நல்ல மனுஷர் வாயிலிருந்தே இது இப்படிச் சிரிப்பாக வருகிறதே என்றுதான் இருந்தது.

"அவரோட குடும்பம் இப்ப இருக்குங்களா?" என்றார் பாய்.

"இருக்கணுமே. ஊர்ல கேளுங்கோ. பூட்சு வீடுன்னா காமிப்பா."

பாயின் பேனா நின்றது. அவர் தலை நிமிரவில்லை, கதவுப் பக்கம் பார்க்கவுமில்லை. ஒரு நிமிஷம் கழித்து அந்த வார்த்தையை எழுதினார். எழுதுவதை வீரமலை நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். பூ, ட், சு.

திரும்பும்போது பாய் டோல்கேட் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு டீ சொன்னார். கிளாஸ் கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஓடக்கரைல ப்ளேன் விழல. அப்படித்தானேண்ணே?"

"ஆமா பாய்."

"விழுந்த எடம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மூணு நாளு என்னைய வெயில்ல போட்டு வறுத்துட்டீங்களே."

"நானும் கூடத்தான் வறுபட்டேன்." வீரமலை கிளாஸைக் கீழே வைத்தார். "அச்சுல போட்டுருவீங்க பாய். அவரு செஞ்சது தப்புதான். அதுக்கு அடி வாங்கினாரு, பேரும் வாங்கினாரு. எங்கப்பன் அந்தப் பேரச் சொமந்துட்டுப் போயிட்டான். நானும் கெழவனாயிட்டேன். எங்களோட போயிரும்னு இருந்தேன். பலகைல எழுதி நட்டுட்டா, எங்க போகும்?"

பாய் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த காகிதங்களை எடுத்தார். கடைசித் தாளுக்கு முந்தியதைத் தேடிப் பிரித்தார்.

"அந்தச் சாமி சொன்னதும் இதுல இருக்கறதும் ஒத்துப் போகலண்ணே. இத நான் முன்னாடியே படிச்சேன். எனக்கு வெளங்கல. வெளங்காததுனால தள்ளி வெச்சுட்டேன். கேளுங்க."

இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொன்னார். உடல் நெற்குவியலின் மேல் கிடந்தது. காலில் பூட்ஸும் இல்லை, காலுறையும் இல்லை. களத்துக்கு வெளியே, இருபது கஜம் தள்ளி, ஒரு மரத்தடியில் பூட்ஸ் இருந்தது. இரண்டும் சேர்த்து நேராக வைக்கப்பட்டிருந்தன. காலுறைகளை மடித்து அவற்றுக்குள் செருகியிருந்தது. கைக்கடிகாரம், மோதிரம், சட்டைப்பையில் இருந்த பர்ஸ், எதையும் யாரும் தொடவில்லை. காவல் கூலி ஒண்டி என்பவன் விசாரிக்கப்பட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நெல்லைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினான். மூளை சரியில்லாதவனாக இருக்கலாம். நோக்கம் தெரியவில்லை. பதினோராம் நாள் விடுவிக்கப்பட்டான்.

"திருடறவன் வாட்ச விட்டுட்டு பூட்ஸ எடுப்பானா? எடுத்ததையும் மரத்தடில அழகா சோடி சேத்து வெச்சுட்டு அங்கயே நிப்பானா?" என்றார் பாய். "நெல்லு நெல்லுன்னு வேற சொல்லிருக்காரு. ஏன்ணே?"

"இன்னொரு தடவ படிங்க."

படித்தார். வீரமலையின் டீயில் ஆடை படிந்துவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் மில்லின் உலர்களம் விரிந்தது. அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்பிய சிமிட்டித் தரை. சுவரோரமாக வரிசையாகச் செருப்புகள். முப்பது வருஷம் அந்தக் களத்தில் நெல்லைக் காலால் கிளறியிருக்கிறார். கொதிக்கிற வெயிலிலும் ஒரு நாள் கூடச் செருப்போடு ஏறியதில்லை. யாரும் ஏறியதில்லை. முதலாளி கூட ஓரத்தில் கழற்றிவிட்டுத்தான் வருவார். கழற்று என்று யாரும் யாருக்கும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

"பாய்," என்றார். "பள்ளிவாசலுக்குப் போறீங்க. செருப்ப எங்க விடுவீங்க?"

"வாசல்லதான்."

"தெரியாத ஆளு ஒருத்தன் போட்டுக்கிட்டே உள்ள வந்துட்டா?"

"கழட்டச் சொல்லுவோம்."

"அவன் மயங்கி உள்ள விழுந்து கெடக்கான். சொன்னா கேக்காது."

"நாமளே கழட்டி வெளில கொண்டு போய்..." பாய் பாதியில் நிறுத்தினார். அவர் கண் மறுபடியும் தாளுக்குப் போனது. இருபது கஜம் தள்ளி, மரத்தடியில், ஜோடியாக.

"நெல்லு மேல செருப்புக் கால் படக் கூடாது பாய். சோறு போடற மகாலச்சுமி. அதுலயும் அது பெருமாள் பங்கு, காவலு இவரு பொறுப்பு. வானத்துலேந்து ஒருத்தன் விழுந்து செத்துக் கெடக்கான். தொட்டா போலீசு புடிக்கும்னு அவருக்குத் தோணல. வாட்சு மின்னுச்சே, அது கண்ணுல படல. ஐயோ, பூட்ஸு நெல்லு மேல இருக்கேன்னு தோணிருக்கு." வீரமலைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் முகம் கோணிக்கொண்டது. "லூசு மனுசன். காலுறைய மடிச்சு வேற வெச்சிருக்காரு பாருங்க. அதத்தான் போலீசுகிட்டயும் சொல்லிருக்காரு. நெல்லுங்க, நெல்லுங்கன்னு. எத்தன அடிக்கு எத்தன தடவ சொன்னாரோ."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பாய் கையைக் காட்டி ஒன்றுமில்லை என்றார்.

"எங்கப்பனுக்கு இது தெரியாமயே போச்சு," என்றார் வீரமலை.

மறுநாள் காலை இருவரும் வாய்க்காலைத் தாண்டினார்கள். வயலெல்லாம் மனையாகி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள் வரிசையாக நின்றன. ஒரு வீடும் எழும்பவில்லை. புல்தான் முளைத்திருந்தது. தெற்கு ஓரத்தில் ஒரு மரத்தின் அடிமுண்டு மட்டும் இருந்தது. "இலுப்ப. நாந்தான் வெட்டினேன், மனை போட்டப்ப. இதுக்கு நேர் வடக்க களம்னு எங்கப்பன் ஒரே ஒரு தடவ கை காட்டினான்," என்றார் வீரமலை.

அடிமுண்டிலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனார். இருபதாவது எட்டுக்கு முன்னால் நின்றார். எண்பது வருஷத்துக்கு முந்திய நெல் அங்கே இருக்காது என்று அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் கால் தானாகச் செருப்பை உதறிற்று. அதை எடுத்துக்கொண்டு போய் அடிமுண்டின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். பாய் பார்த்துக்கொண்டே இருந்தவர், கருவியைக் கீழே வைத்துவிட்டு ஷூ நாடாவை அவிழ்த்தார்.

"நெருஞ்சி முள்ளு இருக்கும் பாய்."

"குத்தட்டும்ணே."

குத்தியது. பாய் நாலு அடிக்கு ஒரு தரம் "யா அல்லா" என்றார். களத்தில் கருவி வாயைத் திறக்கவில்லை. வடக்கே, வயலாக இருந்த இடத்துக்குப் போன பிறகு சின்னதாக ஒரு முனகல் முனகிற்று. அப்புறம் விடாமல் கத்தியது. வீரமலை மம்பட்டியை ஓங்காமல், கொத்திக் கொத்தி எடுத்தார். இரண்டடி ஆழத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. சாம்பல் நிறம், துருவே இல்லை. ஓரத்தில் வரிசையாக ஆணித் தலைகள். பாய் அதை வாங்கி ஒவ்வொரு ஆணியாக விரலால் தடவினார். இருபத்தாறு வருஷம் அந்த மாதிரி ஆணிகளின் மேல் கை வைத்து ஏறி இறங்கியவர்.

பிறகு மனைக்கல்லில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து எழுதினார். எழுதி முடித்ததும் நீட்டினார். "படிச்சுப் பாருங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போகும்."

வீரமலை விரல் வைத்துப் படித்தார். பாயின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. மெதுவாகத்தான் முடிந்தது.

"‘ஒண்டி திருடவில்லை’ங்கறத எடுத்துருங்க."

"ஏன்ணே? அதுதான முக்கியம்?"

"அதப் போட்டா, திருடினான்னு ஒருத்தன் சொன்னதும் கூடவே நிக்குது. வெள்ளக்காரன் எது மேல கெடந்தான்னு போடுங்க. பூட்ஸ எங்க வெச்சாரு, எப்படி வெச்சாருன்னு போடுங்க. போலீசுகிட்ட என்ன சொன்னாருன்னு போடுங்க. போதும். களத்துல கால் வெச்சவனுக்குப் புரியும்."

"கால் வெக்காதவனுக்கு?"

வீரமலை யோசித்தார். "ஒங்களுக்குப் புரிஞ்சுதுல்ல?"

பாய் அந்த வரியை அடித்தார். அடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, "வேற ஏதாவது?" என்றார்.

"பலகைல அந்த ரெண்டு பேரு பேரும் போடறீங்க. அதுக்குக் கீழ, சின்ன எழுத்துல போட்டாப் போதும், களத்துல காவல் இருந்தவரு ஒண்டின்னு..."

"ஏன் சின்ன எழுத்துல?" என்றார் பாய்.

வாய்க்கால் கரையில் மொபெட் சத்தம் கேட்டது. மாதவன்தான். குழியையும், வெறுங்காலோடு நிற்கிற இரண்டு கிழவர்களையும் பார்த்து, வண்டியை மெதுவாக்கி, வழக்கம்போலக் கத்தினான்.

"என்ன பூட்சு, எடத்த மாத்திட்டீங்களா? இங்கயாவது பொதையல் இருக்கா?"

வீரமலை மம்பட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"இருக்குடா. வந்து பாரு," என்றார். "செருப்ப அந்த முண்டுகிட்ட கழட்டி வெச்சுட்டு வா."